சியாட்டில் ராக் கச்சேரிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சியாட்டில் பக்கம் வேலைக்கு வரும் தமிழர்களுக்கு இந்த ஊரின் சாஃப்ட்வேர் அலுவலகங்கள் தெரியும், காஸ்ட்கோ தெரியும், மலையேறும் பாதைகள் தெரியும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் பாலார்ட், கேபிடல் ஹில் போன்ற பேட்டைகளின் அரங்குகளில் என்ன நடக்கிறது என்பது பெரும்பாலும் தெரியாது. பல வருடமாக அந்த மாதிரி இடங்களுக்குப் போய்க்கொண்டிருப்பதால் நண்பர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நிர்வானா, பேர்ள் ஜாம் எல்லாம் 1990களோடு முடிந்த கதைதானே? இப்போது போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?

அந்த பேண்டுகளின் காலம் வேறு, இந்த ஊரின் காலம் வேறு. ஒரு சாதாரண வியாழக்கிழமை ராத்திரியில்கூட நகரத்தின் நாலைந்து சின்ன அரங்குகளில் விளக்கு எரியும். ஃப்ளீட் ஃபாக்ஸஸ், டகோகேட், லா லூஸ், தண்டர்புஸ்ஸி, டீப் சீ டைவர், தி பிளாக் டோன்ஸ் என்று பிறகு வந்த பேர்களே நிறைய. இவர்களில் யாரும் 1991ஐத் திரும்ப வாசித்துக் காட்டவில்லை.

நிர்வானா காலத்து ராக் இசைக்கு வைத்த கிரஞ்ச் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த ஊரைத் தேடினால் அருங்காட்சியகம்தான் கிடைக்கும். அதுவும் நல்லதுதான், ஸ்பேஸ் நீடிலுக்குப் பக்கத்தில் பால் ஆலன் பணத்தில் 2000ல் திறந்த மோபாப்பில் நிர்வானா பற்றியும் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பற்றியும் பார்க்க நிறைய உண்டு. ஆனால் 200 பேர் நிற்கும் ஓர் அறையில், டிரம்ஸ் அடி நெஞ்செலும்பில் வந்து இறங்கும்போது கிடைப்பது அங்கே கிடைக்காது.

இவ்வளவு இசை இந்த ஊரில் எப்படி வந்தது? மழைதான் காரணம் என்கிறார்களே?

மழையைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சியாட்டிலில் ஏறக்குறைய 950தான். நம் ஊரில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். இங்கே அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை தூறிக்கொண்டே இருக்கும், டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். வீட்டின் அடித்தளத்தில் உட்கார்ந்து கிட்டாரைப் போட்டுக் குடைவதற்கு ஏற்ற ஊர் என்பது உண்மைதான். அது மட்டும் போதுமென்றால் மழை பெய்யும் எல்லா ஊரிலும் பேண்டுகள் முளைத்திருக்க வேண்டும்.

இந்த ஊர் அமெரிக்காவின் ஒரு மூலை. பெரிய குழுக்கள் பல, லாஸ் ஏஞ்சலீஸ், சான் பிரான்சிஸ்கோவோடு திரும்பிவிடும். அதனால் உள்ளூர்க்காரர்கள் தங்களுக்காகத் தாங்களே வாசித்துக்கொண்டார்கள். இது பழைய வழக்கம். ஜாக்சன் தெருவின் ஜாஸ் கிளப்புகளுக்கு ரே சார்ல்ஸ் 1948ல் வந்து சேர்ந்தார். குவின்சி ஜோன்ஸும் பிறகு ஹெண்ட்ரிக்ஸும் படித்தது இங்குள்ள கார்ஃபீல்ட் பள்ளியில். தெற்கே டகோமாவில் 1960களின் நடுவில் தி சோனிக்ஸ் என்ற குழு, அதுவரை கேட்டிராத கரடுமுரடான சத்தத்தில் வாசித்தது. அப்புறம் 1970களின் தொடக்கத்தில் போயிங் ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து அனுப்பியபோது, "ஊரை விட்டுக் கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகவும்" என்று விமான நிலையத்துக்குப் பக்கத்தில் விளம்பரப் பலகையே வைத்தார்கள். இன்று வாடகையைப் பார்த்து மலைக்கும் நமக்கு இதை நம்புவது கஷ்டம். பணம் அதிகம் இல்லாதவர்கள் நகரத்துக்கு நடுவிலேயே குடியிருந்து, பக்கத்திலேயே ஒத்திகைக்கு இடம் பிடித்து, நடந்தே போய் வாசிக்க முடிந்த ஊர் இது.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மாணவர் வானொலி ஒன்று இருந்தது. 1986ல் டீப் சிக்ஸ் என்ற தொகுப்பு இசைத்தட்டு வந்தது. சவுண்ட்கார்டன், மெல்வின்ஸ், கிரீன் ரிவர் உட்பட ஆறு உள்ளூர் குழுக்கள். 1988ல் புரூஸ் பேவிட்டும் ஜானதன் போன்மனும் சப் பாப் என்ற இசைத்தட்டு நிறுவனத்தை முழுநேரமாக நடத்தத் தொடங்கினார்கள். ஜாக் எண்டினோ என்ற ஒலிப்பதிவாளர் ஒரு முக்கோணக் கட்டடத்தில் இருந்த சின்ன ஸ்டூடியோவில் குறைந்த செலவில் பதிவு செய்து கொடுத்தார். நிர்வானாவின் முதல் ஆல்பத்துக்கு ஆன பதிவுச் செலவு 606 டாலர் 17 சென்ட். அது தட்டின் பின்னட்டையிலேயே அச்சாகியிருக்கிறது.

பதினேழு வயதுப் பையனை இந்தக் கச்சேரிகளுக்கு அழைத்துப் போகலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் விரிவாகப் பதில் சொல்ல ஆசைப்படுவேன், ஏனென்றால் இதன் பின்னால் பதினேழு வருடப் போராட்டம் இருக்கிறது.

1985ல் சியாட்டில் நகரசபை 'டீன் டான்ஸ் ஆர்டினன்ஸ்' என்று ஒரு சட்டம் போட்டது. ஓர் இரவு கிளப்பில் சிறுவர்களுக்குப் போதைப்பொருள் கிடைக்கிறது என்று பெற்றோர் கொதித்தெழுந்ததன் விளைவு. அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது. சட்டம் போன விதம்தான் தப்பு. சின்ன வயதினர் வரும் நடன நிகழ்ச்சி நடத்த வேண்டுமென்றால் 10 லட்சம் டாலருக்குக் காப்பீடு எடுக்க வேண்டும், பணி நேரத்தில் இல்லாத போலீஸ்காரர்களைச் சம்பளம் கொடுத்து நிறுத்த வேண்டும், வரக்கூடியவர்களின் வயதுக்கு மேலேயும் கீழேயும் வரம்பு. ஐந்து டாலர் டிக்கெட் விற்று நூறு பேரைக் கூட்டும் ஒருவரால் இது முடியுமா? ராக் கச்சேரியில் கூட்டம் குதித்தால் அது நடனமா இல்லையா என்பதும் தெளிவில்லை. பலர் வம்பே வேண்டாமென்று 21 வயதுக்குக் கீழே யாரையும் விடாமல் நிறுத்திக்கொண்டார்கள்.

உலகம் முழுக்க இந்த ஊரின் பாட்டு ஒலித்த 1992ல், அந்தப் பாட்டின் மேல் உயிராக இருந்த உள்ளூர்ப் பதினாறு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலான கிளப்புகளின் வாசலைத் தாண்ட முடியவில்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை. நகர எல்லைக்கு வெளியே இடம் தேடினார்கள். நம்மவர்கள் நிறைய வசிக்கும் ரெட்மண்டில், பழைய தீயணைப்பு நிலையம் ஒன்று இளைஞர் மையமாக மாறி 1990களில் எல்லா வயதினருக்கும் கச்சேரி நடத்தியது. அந்த ஓல்ட் ஃபயர்ஹவுஸைத் தாண்டிக் காய்கறி வாங்கப் போகும்போது ஒரு முறை நின்று பாருங்கள்.

நிர்வானாவின் பேஸ் கிட்டார் கலைஞர் கிறிஸ்ட் நோவோசெலிக் உட்பட இசைக்காரர்கள் அமைப்பாகத் திரண்டு சட்டத்தை எதிர்த்தார்கள். 2000ல் நகரசபை மாற்றுச் சட்டத்துக்கு ஓட்டுப் போட்டது. மேயர் அந்த மாற்றுச் சட்டத்தைத் தடுத்துவிட்டார். கடைசியில் 2002ல்தான் பழைய சட்டம் போனது.

சரி, இன்றைக்கு என்ன செய்யலாம்? நேராக வெரா புராஜெக்டுக்குப் போங்கள். 2001ல் தொடங்கியது, 2007 முதல் ஸ்பேஸ் நீடில் இருக்கும் சியாட்டில் சென்டர் வளாகத்துக்குள் இருக்கிறது. எல்லா வயதினரும் வரலாம், மது கிடையாது. நெதர்லாந்தின் குரோனிங்கன் ஊரிலுள்ள வெரா என்ற கிளப்பைப் பார்த்து வைத்த பெயர். இங்கே பிள்ளைகள் பார்வையாளர்களாக மட்டும் இருப்பதில்லை. ஒலி அமைப்பு, விளக்கு, போஸ்டர் அச்சடிப்பு எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு அவர்களே கச்சேரியை நடத்துகிறார்கள். கிட்டார் வகுப்புக்கு அனுப்பும் பெற்றோரிடம் நான் சொல்வது இதுதான்: மாதம் ஒரு சனிக்கிழமை வெராவிலும் விட்டுவிட்டு வாருங்கள்.

மற்ற அரங்குகளில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் வயது வரம்பு தனித்தனியாகப் போட்டிருக்கும். டிக்கெட் வாங்கும் முன் பாருங்கள்.

எனக்கு நரைத்துவிட்டது. எனக்குமா அடையாள அட்டை?

ஆமாம். வாஷிங்டன் மாநில ஓட்டுநர் உரிமம் அல்லது பாஸ்போர்ட். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை அழைத்துப் போனால் அவர்களுடைய அசல் பாஸ்போர்ட்டே வேண்டும்; செல்போனில் இருக்கும் படத்தை வாசலில் ஏற்கமாட்டார்கள்.

அந்தக் காலத்து இடங்களில் எது எது இன்னும் இருக்கிறது?

பயனியர் சதுக்கத்தில் சென்ட்ரல் சலூன் இருக்கிறது. 1892ல் தொடங்கிய மதுக்கடை, நீளமான குறுகிய அறை. 1980களின் கடைசியில் இங்கே வாசிக்காத உள்ளூர்க் குழு குறைவு. இப்போதும் கச்சேரி நடக்கிறது.

அங்கிருந்து கடற்கரைப் பக்கம் கொஞ்சம் நடந்தால் ஓகே ஹோட்டல் இருந்த கட்டடம் வரும். 1991 ஏப்ரல் 17 அன்று, 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' பாட்டை நிர்வானா முதல் முறையாக மக்கள் முன் வாசித்தது இங்கேதான். 2001 பிப்ரவரியில் வந்த நிலநடுக்கத்தில் கட்டடம் சேதமடைந்து கிளப் மூடப்பட்டது. இப்போது மேலே குடியிருப்புகள். எதிரே ஓடிய மேம்பாலத்தையும் 2019ல் இடித்துவிட்டார்கள். நான் முதல் தடவை போனபோது சரியான வாசல்தானா என்று இரண்டு முறை சுற்றி வந்தேன்.

நெடுஞ்சாலையை ஒட்டி ஈஸ்ட்லேக்கில் எல் கொரசோன் என்ற அரங்கு இருக்கிறது. முன்பு அதன் பெயர் ஆஃப் ராம்ப். 1990 அக்டோபர் 22 அன்று பேர்ள் ஜாம் தன் முதல் கச்சேரியை இங்கே வாசித்தது. அன்றைக்கு அவர்கள் பெயர் மூக்கி பிளேலாக்; ஒரு கூடைப்பந்து வீரரின் பெயரை அப்படியே வைத்திருந்தார்கள். பிறகு பெயரை மாற்றினாலும் அவருடைய சட்டை எண்ணான பத்தையே முதல் ஆல்பத்துக்குத் தலைப்பாக்கிவிட்டார்கள்.

பெல்டவுனில் தி குரோக்கடைல். 1991 ஏப்ரலில் திறந்து, 2007 டிசம்பரில் திடீரென்று மூடி, 2009ல் மறுபடி திறந்து, கொரோனாவில் பழைய கட்டடத்தை விட்டு, 2021ல் சில தெரு தள்ளிப் பெரிய இடத்தில் மீண்டும் வந்தது. பழைய அறையின் தூண் ஒன்று மேடையை மறைக்கும். அதைத் திட்டாதவர்கள் கிடையாது. இடம் மாறிய பிறகு அதே ஆட்கள் அந்தத் தூணை நினைத்து ஏங்குகிறார்கள். புதிய இடத்தில் 750 பேர் நிற்கும் பெரிய அறையும், மேடம் லூஸ் என்ற சின்ன அறையும் இருக்கின்றன. முதலில் சின்ன அறைக்குப் போங்கள்.

அப்படியென்றால் எங்கே தொடங்குவது?

கூட்டமும் இரைச்சலும் பழக்கமில்லை என்றால் பாலார்ட். மீன்பிடிக்காரர்களும் ஸ்கண்டிநேவியக் குடியேறிகளும் வாழ்ந்த பழைய பேட்டை. ஒரே தெருவில் டிராக்டர் டேவர்னும் சன்செட் டேவர்னும் இருக்கின்றன. டிராக்டரில் நாட்டுப்புற வாசம் வீசும் பாட்டுகள் அதிகம், நடுத்தர வயதுக் கூட்டமும் வரும். சன்செட் ரொம்பச் சின்னது. மேடைக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு கை தூரம்தான்.

இளைஞர்கள் என்றால் கேபிடல் ஹில். நியூமோஸ், அதன் அடித்தளத்தில் பார்போசா, கொஞ்சம் தள்ளி சாப் சூயி. லைட் ரெயில் கேபிடல் ஹில் நிலையத்திலேயே இறக்கிவிடும். காரை எடுத்துப் போனால் பார்க்கிங் தேடுவதிலேயே முதல் குழு வாசித்து முடித்துவிடும்.

உட்கார்ந்து கேட்க வேண்டுமென்றால் 1907ல் கட்டிய மூர் தியேட்டர், 1928ல் கட்டிய பாரமவுண்ட், பல்கலைக்கழகப் பகுதியில் நெப்டியூன். மூன்றும் அழகான பழைய கட்டடங்கள். பெற்றோரை அழைத்துப் போக மூர்தான் சரி.

முதலில் வாசிக்கும் பேர் தெரியாத குழுக்களை விட்டுவிட்டு, ஒன்பதரைக்கு மேல் போனால் போதாதா?

போதாது. சென்னையில் டிசம்பர் சீசனில் சபாக்களின் மதியக் கச்சேரிகளை யோசித்துப் பாருங்கள். டிக்கெட் இல்லாமல் உள்ளே போய், பாதி காலியாக இருக்கும் அரங்கில் இருபது வயதுப் பெண் ஒருத்தி பிரமாதமாகப் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். பத்து வருடம் கழித்து அவரே மாலைக் கச்சேரி பாடும்போது, "இவரை அப்போதே கேட்டேன்" என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சந்தோஷம். இங்கே தொடக்கக் குழு என்பது அதுதான்.

1989 ஜூன் 9 அன்று மூர் தியேட்டரில் சப் பாப் மூன்று குழுக்களை வைத்து ஒரு நிகழ்ச்சி நடத்தியது. அவ்வளவு பெரிய அரங்கை உள்ளூர்க் குழுக்கள் நிரப்புமா என்று பலருக்குச் சந்தேகம், டிக்கெட் தீர்ந்துவிட்டது. கடைசியில் வாசித்தது மட்ஹனி, அதற்கு முன்னால் டாட். முதலில் வாசித்தது நிர்வானா. மூன்று வருடம் கழித்து, 1992 அக்டோபரில், உலகத்தின் மிகப் பெரிய ராக் குழுக்களில் ஒன்றாகிவிட்ட பிறகு, அதே நிர்வானா வேறு பெயரில் சொல்லாமல் கொள்ளாமல் குரோக்கடைலுக்கு வந்து, மறுபடியும் மட்ஹனிக்கு முன்னால் தொடக்கக் குழுவாக வாசித்துவிட்டுப் போனது. தாமதமாக வந்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

எந்தக் குழு நன்றாக இருக்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேஇஎக்ஸ்பி வானொலி, 90.3 எஃப்எம். 1972ல் பல்கலைக்கழக மாணவர் நிலையமாக வேறு பெயரில் தொடங்கி, 2001ல் இந்தப் பெயருக்கு மாறியது. நேயர்கள் கொடுக்கும் பணத்தில் நடக்கிறது, வணிக விளம்பரம் கிடையாது. அறிவிப்பாளர்கள் தங்களுக்குப் பிடித்ததைத் தாங்களே தேர்ந்தெடுத்துப் போடுகிறார்கள். அவர்களுடைய ஸ்டூடியோ நிகழ்ச்சிகளை நீங்கள் யூடியூபில் பார்த்திருக்கக்கூடும். 2016 முதல் சியாட்டில் சென்டரில் இருக்கும் அந்த நிலையத்துக்குள் யாரும் போகலாம். காபிக் கடையும் இசைத்தட்டுக் கடையும் உண்டு. ஒரு வாரம் காரில் அதைக் கேட்டுவிட்டு, பிடித்த பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் மாதம் அவர்கள் புல்வெளியில் நடத்தும் இலவசக் கச்சேரிகளுக்குக் குழந்தைகளோடு பாயைச் சுருட்டிக்கொண்டு போகலாம்.

இந்த இசையில் நம் பக்கத்துக்காரர்கள் யாராவது உண்டா?

உண்டு, அதுவும் நட்டநடுவில். சவுண்ட்கார்டனின் கிட்டார் கலைஞர் கிம் தயில். பெற்றோர் கேரளத்திலிருந்து வந்தவர்கள். 1960ல் சியாட்டிலில் பிறந்து, சிகாகோவுக்குப் பக்கத்தில் வளர்ந்து, 1980களின் தொடக்கத்தில் திரும்பி வந்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தார், மாணவர் வானொலியிலும் நிகழ்ச்சி நடத்தினார். சப் பாப்பைத் தொடங்கிய பேவிட்டையும் போன்மனையும் சேர்ந்து வேலை செய்யச் சொன்னவரும் இவர்தான். நம் வீட்டுப் பிள்ளைகளிடம் இவர் பெயரைச் சொல்லுங்கள். இந்தியக் குடியேறிகளின் பிள்ளைக்கு இங்கே மேடை கிடைக்காது என்ற எண்ணம் தானாகப் போய்விடும். நகரத்துக்குக் கிழக்கே குடியிருப்பவர்களுக்கு இன்னொன்று: மாடஸ்ட் மவுஸ் குழு தொடங்கியது இஸக்வாவில்.

ஒரு பெண் தனியாகப் போகலாமா?

போகிறார்கள். என் தங்கை போகிறாள். ஆனால் இந்தக் கேள்வியை அவ்வளவு சுலபமாகக் கடந்துவிட எனக்கு மனசு வரவில்லை.

தி கிட்ஸ் குழுவின் பாடகி மியா சபாடா, 1993 ஜூலை 7 அதிகாலையில், கேபிடல் ஹில்லில் நண்பர்களோடு இருந்துவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில் கொல்லப்பட்டார். வயது 27. குற்றவாளி பிடிபட்டுத் தண்டனை பெற 2004 வரை ஆனது. மரபணுச் சோதனைதான் காட்டிக்கொடுத்தது. அதற்குள் ஊரின் பெண்கள் ஹோம் அலைவ் என்ற அமைப்பைத் தொடங்கி, தற்காப்பு வகுப்புகள் நடத்தினார்கள். பெரிய குழுக்கள் நிதி திரட்ட இலவசமாக வாசித்தன. அன்றிலிருந்து இங்கே கச்சேரி முடிந்ததும் "எப்படிப் போகிறாய், கூட வரவா?" என்று கேட்பது பழக்கம். யாராவது கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நீங்களும் கேளுங்கள். அரங்குக்குள் யாராவது தொந்தரவு கொடுத்தால் மதுக்கடை மேசையில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

காதுக்கு ஏதாவது ஆகுமா?

ஆகும். பஞ்சு போதாது, இசைக்கென்றே விற்கும் காதடைப்பான் இருபது டாலருக்குக் கிடைக்கும். மறந்துவிட்டால் மதுக்கடை மேசையில் கேளுங்கள், பல இடங்களில் தருவார்கள்.

ஷோபாக்ஸை இடிக்கப் போவதாகக் கேள்விப்பட்டோமே?

பைக் பிளேஸ் சந்தைக்கு எதிரே 1939ல் திறந்த அரங்கு அது. டியூக் எலிங்டனிலிருந்து ரமோன்ஸ் வரை வாசித்த மேடை. 2018ல் ஒரு கட்டுமான நிறுவனம் அதை இடித்து 44 மாடிக் கோபுரம் கட்டத் திட்டம் போட்டது. ஊரே எழுந்தது. நகரசபை அந்த இடத்தை அவசரமாகச் சந்தையின் பாதுகாக்கப்பட்ட எல்லைக்குள் சேர்த்தது. வழக்கு நடந்து, 2019ல் அந்த உத்தரவு செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே பாரம்பரியச் சின்னங்களுக்கான வாரியம் அதைச் சின்னமாக அறிவித்தது. கச்சேரிகள் தொடர்கின்றன.

ஆனால் சின்னம் என்ற பட்டம் கட்டடத்தைத்தான் காக்கும், உள்ளே இசை நடக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாது. ஷோபாக்ஸுக்காகக் கொடி பிடிக்க ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். 150 பேர் நிற்கும் ஒரு மதுக்கடையின் வாடகை ஏறி அது மூடும்போது யாரும் கவனிப்பதில்லை. புதிய குழுக்கள் முதலில் வாசிப்பது அந்த மாதிரி இடங்களில்தான்; எனக்கு அதிகக் கவலை அவற்றைப் பற்றித்தான்.

டிக்கெட் எவ்வளவு? அந்தப் பணம் குழுவுக்குப் போகிறதா?

சின்ன அரங்குகளில் பெரும்பாலும் 15லிருந்து 25 டாலருக்குள். இணையத்தில் வாங்கினால் சேவைக் கட்டணம் சேரும். வாசலில் வாங்க முடிந்தால் அங்கேயே வாங்குங்கள். அரங்கு, ஒலி அமைப்பாளர், மற்ற குழுக்கள் என்று பிரித்த பிறகு குழுவின் நாலு பேருக்கும் சேர்த்து மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால் பின்னால் மேசையில் டி-ஷர்ட்டும் இசைத்தட்டும் விற்பார்கள். விற்பவர் பெரும்பாலும் சற்று முன் டிரம்ஸ் வாசித்தவராகவே இருப்பார். ஒன்று வாங்கிக்கொண்டு, எந்தப் பாட்டு பிடித்தது என்று சொல்லுங்கள்.

இந்த வெள்ளிக்கிழமையே போகலாம் என்று பார்க்கிறேன். என்ன செய்யட்டும்?

சன்செட், டிராக்டர், நியூமோஸ், மேடம் லூஸ் நான்கின் நிகழ்ச்சிப் பட்டியலையும் பாருங்கள். மூன்று குழுக்களுமே சியாட்டில்காரர்களாக இருக்கும் நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுங்கள். வீட்டிலேயே சாப்பிட்டுவிடுங்கள். கதவு திறக்கும் நேரம் ஏழு என்றால் ஏழரைக்கு உள்ளே இருங்கள், மேடைக்கு இடது பக்கம் ஒலிபெருக்கியை விட்டுச் சற்றுத் தள்ளி நில்லுங்கள். மழை ஜாக்கெட் போதும், குடை வேண்டாம். உள்ளே வைக்க இடம் இருக்காது.